டெல்லிக்குப் போன வசவு

விஸ்வநத்தத்தில், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்த்தபோது சூப்பர்வைசரை டிபன் கேரியரால் அடித்தேன். தங்கச்சி வளைகாப்புக்கு அரை நாள் லீவு கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் அசிங்கமாக வைதான். அவனுக்கு இரண்டு பல் போனது. எனக்கு ஆறு மாதம் ஜெயில் என்று தீர்ப்பானது. மாவட்ட கோர்ட்டும் மதுரை ஹைகோர்ட்டும் அதுவே சரி என்றன.

மிச்சம் இருந்தது டெல்லி. அங்கே நேராக அப்பீல் போட முடியாதாம். போடட்டுமா என்று முதலில் அனுமதி கேட்க வேண்டுமாம். அந்த மனுவுக்கு ஸ்பெஷல் லீவு மனு என்று பெயர் என்றார் மதுரை வக்கீல். லீவு கேட்டுத்தானே இந்த வம்பு, இன்னொரு லீவா என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எல்லாமே இங்கிலீஷில் போக வேண்டும். சாட்சி சொன்னதை மொழிபெயர்த்து, எனக்குத் தமிழில் விளக்கினார். வசவு வந்த இடத்தில் ‘தகாத சொல்’ என்று மட்டும் இருந்தது.

“அவன் வஞ்சது எங்கன சார்?”

“அதை எப்படிம்மா எழுதுறது? பெரிய கோர்ட்டு.”

“அதை எழுதாட்டி, நான் கிறுக்குப் பிடிச்சு அடிச்ச மாதிரில்ல இருக்கும்?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். வக்கீல் காது சிவக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு எழுதினார். அந்த வசவில் என் அம்மாவும் ஒரு கழுதையும் வருவார்கள். இங்கிலீஷில் கழுதைக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

நான் ஜெயிலில் சரணடையாமலே மனுவை விசாரிக்க, அதற்கும் தனியாக அனுமதி கேட்டு வாங்கினார்கள். விசாரணையை வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தோம். காலையிலிருந்து காத்திருந்தோம், எங்கள் முறை டீ ஆறுவதற்குள் முடிந்தது. நீதிபதி ஒரு பக்கத்தைப் படித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், ஏதோ கேட்டார். அங்கே எங்களுக்காக நின்ற டெல்லி வக்கீல் விழித்தார்.

“கேரியர் காலியா, நிறைஞ்சிருந்ததான்னு கேக்குறார்,” என்றார் எங்கள் வக்கீல்.

“நிறைஞ்சிருந்துச்சு. புளிச்சோறு,” என்றேன் கம்ப்யூட்டரைப் பார்த்து.

“அவுகளுக்குக் கேக்காதும்மா.”

அடித்தது குற்றம்தான், தண்டனையைக் குறைக்கலாமா என்று மட்டும் பார்க்கலாம் என்று எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். சில மாதம் கழித்து அனுமதியும் கொடுத்து, கைதானபோது உள்ளே இருந்த பன்னிரண்டு நாளே போதும் என்று முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. காகிதத்தில் இன்னும் குற்றவாளிதானே?

“வெளியதான இருக்க, விடு,” என்றார் வீட்டுக்காரர்.

மறுவாரம் நாரணாபுரத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். பல் போன கதையை மறைக்காமல் சொன்னேன். முதலாளியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “தீபாவளி சீசன் லோடு ஆளில்லாம நிக்குது. நாளைக்கே வந்துருங்க,” என்றார்.