தட்டையாக வந்த இறக்கைகள்

மூன்று வருடமாக ஆய்வகத்தில் பழ ஈ வளர்த்தேன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் யாராவது, "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா, "ஈ ஓட்டறா" என்பார். அதில் பொய் ஏதும் இல்லை.

ஈயின் இறக்கை இரண்டு அடுக்கு. செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டால் அடுக்குகள் பிரிந்து, நடுவில் நீர் புகுந்து, இறக்கை பூரி மாதிரி உப்பிவிடும். என்னுடையவை எல்லாம் பூரிகள். ஒரு புட்டி ஈக்களுக்கு நல்ல மரபணுவைச் சேர்த்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பக்கத்துப் புட்டிக்கு எதுவும் சேர்க்கவில்லை. முதல் புட்டியின் அடுத்த தலைமுறைக்கு இறக்கை தட்டையாக வந்தால் எனக்கு முனைவர் பட்டம். வராவிட்டால் உதவித்தொகையும் முடிந்து, வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை தட்டையாக வந்தது. என் வழிகாட்டி மேடம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். வெள்ளிக்கிழமை துறையில் நான் பேசுவதாக அப்போதே அறிவித்தார். அம்மா தெருவுக்கே சொல்லி முடித்தார்.

அன்று மாலைதான் பக்கத்துப் புட்டியைப் பார்த்தேன். அதிலும் தட்டை. பறக்க முடியாத ஈ எங்கே போய்விடப்போகிறது என்று பஞ்சடைப்பை நான் என்றுமே அழுத்தி வைத்ததில்லை. அவை போகவில்லைதான். என் மதிய வாழைப்பழத்தை மொய்த்த ஊர் ஈக்கள் உள்ளே வந்து அவற்றோடு கூடியிருக்கின்றன. பெற்றோரில் ஒருவரின் நல்ல மரபணுவே பிள்ளையின் இறக்கைக்குப் போதும். அப்படியானால் முதல் புட்டியின் தட்டையும் நான் சேர்த்த மரபணுவால்தான் வந்தது என்று சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்துப் புட்டியை அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை மேடம், "ஒண்ணும் சேக்காத புட்டிய எடுத்துட்டு வாம்மா" என்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இத எப்ப பாத்த?"

"திங்கக்கெழமையே பாத்துட்டேன் மேடம்."

அவர் துறைத்தலைவருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வேணாம் சார். இல்ல, பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் சரியா பாக்காம அவசரப்பட்டுட்டேன்."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.