நிறுத்தாமல் வாசித்தவள்

வாடும் கொழுந்தின் வாசம் எங்கே வீசினாலும் எனக்கு மூச்சு முட்டும். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால்தான் எங்கள் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். பனிக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, அ, ஆ என்று குறுக்கியும் நீட்டியும் சொல்லிக்கொடுப்பேன்.

இரண்டாம் வகுப்பில் ஒருத்தி முற்றுப்புள்ளியில் நிற்கவே மாட்டாள். அம்மா கொழுந்தெடுக்கப் போனதால் தம்பி அவள் மடியில் தூங்குவான். வாசிக்கும் குரல் நின்றால் விழித்துக்கொள்வான். அவன் அழுதால் அவளுக்கு வகுப்பில்லை என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அதனால் நானும் அவளை நிறுத்தச் சொன்னதில்லை.

ஒருநாள் வடக்கிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் ஒரே மூச்சில் வாசித்தாள்.

“புள்ளியைக் கண்டா நிக்கவேணும், தெரியாதே? என்ன, ரயிலே ஓட்டுறாய்?” என்றார் தன் வடக்குப் பேச்சில்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதைச் சொன்னாலும் அவள்தான் மாட்டுவாள். அடுத்த புள்ளியில் நின்றாள். தம்பி வீறிட்டான்.

“இது பள்ளிக்கூடமா, கைப்புள்ளைங்களப் பாத்துக்கிற பிள்ளைமடுவமா? தூக்கிக்கிட்டுப் போ!” தலைமை ஆசிரியர் கத்தினார்.

கதவைத் திறந்துவிட்டேன். தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கியவள் திரும்பிக் கேட்டாள்:

“மிச்சத்த வெளிய நின்னு வாசிக்கட்டுங்களா, டீச்சர்?”