லேபிளில் இல்லாத பெயர்

யாரையும் எளிதில் நம்புகிற புத்தி எனக்குக் கிடையாது. ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன், வேறெப்படி இருப்பேன்? கப்பல்காரர்கள் பித்தளையைத் தங்கம் என்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் கல்மண்டபத்தில் என் சிநேகிதனின் டீக்கடைக்கு ஓர் அமெரிக்க மாலுமி வந்தான். நான் கல்யாண வீடுகளில் பாடுகிறவன் என்று யாரோ சொல்ல, சட்டைக்குள்ளிருந்து சின்ன இசைத்தட்டு ஒன்றை எடுத்து, இது நான் பாடியது என்றான். இதை என்ன விலைக்கு நம் தலையில் கட்டப்போகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆள் நம் நிறம். அப்பா அம்மா மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து ஆரஞ்சு பறித்தவர்களாம். லேபிளிலோ சுத்த வெள்ளைக்காரப் பெயர். கேட்டால், மெக்சிகோப் பெயர் இருந்தால் ராக் அண்ட் ரோல் பாட்டை ரேடியோவில் போடமாட்டார்கள் என்று கம்பெனியே மாற்றிவிட்டதாம். ஒரே பாட்டோடு அவனைக் கைகழுவியும் விட்டதாம். நன்றாகக் கதை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பெற்றவர்கள் வைத்த பெயரை எவனாவது விட்டுக்கொடுப்பானா?

போட்டே பார்த்துவிடலாம் என்றேன். தட்டின் நடு ஓட்டை பெரிதாக இருந்தது. ஒரு சோடா மூடியில் ஓட்டை போட்டு அதில் செருகி, கடையிலிருந்த சாவி கொடுக்கும் கிராமபோனில் வைத்தேன். அவன் பதறிக் கையை நீட்டினான். குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறான் என எண்ணி ஊசியை இறக்கினேன். எலி கத்துவது போல ஒரு குரல் வந்தது. கடையே சிரித்தது. இது மெதுவாகச் சுற்றவேண்டிய தட்டு, இந்த இரும்பு ஊசி ஆகாது என்று அவன் கெஞ்சியது எனக்குச் சால்ஜாப்பாகவே பட்டது.

அப்புறம் அவனே எழுந்து பாடிக் காட்டினான். கனமான, நல்ல குரல். தட்டை நூறு தடவை கேட்டால் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஊசி உழுதிருந்தது. அதைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். சிநேகிதன் அதை அழகுக்காகச் சுவரில் ஆணியடித்து மாட்டினான்.

அடுத்த வருஷம் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி என்னைப் பாடக் கூப்பிட்டது. அங்கே அதே அளவுத் தட்டு ஒன்று புது மெஷினில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆண் குரல், தெளிவாக. அன்று எலி கத்தியது நம் கிராமபோனின் வேகத்தால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாடி முடித்ததும் அங்கிருந்த அதிகாரி சொன்னார்: "கொரலு நல்லாயிருக்கு. பேர்லதான் காசிமேட்டு மீன் வாடை அடிக்குது. வேற பேர் போட்டுக்கலாம்." எங்கே வாய்ப்பு போய்விடுமோ என்று உடனே தலையாட்டினேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

என் தட்டு வந்த அன்று டீக்கடைக்கு ஓடினேன். என்னுடையது வேகமாகச் சுற்றும் பழைய மாதிரித் தட்டுதான்; சிநேகிதன் அதைக் கிராமபோனில் போட்டுக் கேட்டான். லேபிளைப் படித்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மாமு, கப்சா வுட்றியா? இதுல வேற எவன் பேரோ கீது."

எழுந்து நின்று அதே பாட்டைப் பாடினேன்.

"பிளேட்ட நூறு வாட்டி கேட்டா நான்கூடத்தான் பாடுவேன்" என்று சொல்லிவிட்டு அவன் டீ ஆற்றப் போனான்.

சுவரில் அந்த மாலுமியின் தட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.