தொட்டதே கிடையாது என்று நான் சொன்னது

பிள்ளைகளே, உங்கள் அப்பன் பத்தாம் வகுப்போடு நின்றவன். சரி எது, தப்பு எது என்று படித்தவர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருப்பார்கள். நான் எதையும் வாசித்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்த்தாண்டம் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக வைத்திருக்கும் பஞ்சர் கடைதான். அந்தக் கடையில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதி வைக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது. அம்மா பாதிதான் சொல்லியிருப்பாள்.

காற்றடிக்க வருகிற எல்லாருக்கும் காற்று தேவைப்படாது. நம் ஜங்ஷனில் ஒரு பையனுக்குச் சம்பந்தம் பேசினால், பெண் வீட்டார் முதலில் வண்டியை நிறுத்துவது என் கடையில்தான். டயர் கல் மாதிரி இருக்கும். நானும் காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். அவர்கள் பேச்சை மழையில் தொடங்கி, ரப்பர் விலை வழியாக, பையனிடம் கொண்டுவந்து முடிப்பார்கள். என் வாயில் எல்லாப் பையனும் நல்ல பையன். ஒரு கல்யாணம் நம்மால் கலைய வேண்டாம் என்பது என் கொள்கை. அதை என் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

நம் பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனை உங்களுக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த புதிதில் அவன் குடித்த குடியும் தெரியும். ஒருநாள் ரோட்டோர ஓடையில் கிடந்தவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். திரும்பி வந்த ஆறாம் மாதத்தில் ஒருமுறை சறுக்கினான். மறுபடியும் போனான். அதற்குப் பிறகு நாலு வருடம் ஒரு சொட்டு தொடவில்லை. காலையில் என் கடைக்கு வந்து பேப்பரைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான்.

அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா ஒருநாள் மத்தியானம் பைக்கில் வந்து நின்றார். தக்கலைப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

"அண்ணாச்சி, பின்னால டயருல காத்து கொஞ்சம் பாக்கணும்."

பார்த்தேன். குறையே இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு அது தெரியாதா? மழை, ரப்பர் விலை எதுவும் பேசாமல் நேரே கேட்டார்.

"அந்த எலக்ட்ரீசியன் பய எப்பிடி?"

"கொள்ளாம். நல்ல பய. கைவேலை சுத்தம்."

"குடி உண்டுமா?"

"குடியா? அவன் தொட்டதே கிடையாது."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "அப்பிடியா" என்றார். டீ சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று வண்டியை எடுத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். உங்கள் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இப்பம் குடிக்கதில்லன்னு சொன்னா போராதா? தொட்டதே இல்லன்னு எதுக்கு சொன்னிய?"

"அவன் நல்லா இருக்கட்டும்னுதான்."

"அவன் நல்லா இருக்கட்டும், சரி. அவனக் கெட்டப் போற அந்தப் பிள்ள?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். பதில் இல்லாதபோது நான் சொல்வது அதுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் எலக்ட்ரீசியன் வந்தான். பேப்பரைத் தொடவில்லை.

"சம்பந்தம் நின்னு போவும் போல இருக்கு மாமா."

"ஏம்லே, என்ன ஆச்சு?"

"முத நாளே நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளகிட்டயும் சொன்னேன், அவங்க அப்பாகிட்டயும் சொன்னேன். அவரு சரிதானான்னு பாக்க இங்க வந்து விசாரிச்சிருக்காரு. யாரோ தொட்டதே இல்லன்னு சொல்லியிருக்காங்க. ஊரே ஒளிக்குதுன்னா நீ சொன்னதுக்கு மேலயும் ஏதோ கிடக்குன்னு நெனைக்காரு. நான் என்னத்தச் சொல்லதுக்கு?"

அந்த 'யாரோ' யார் என்று அவனுக்குத் தெரியாது. நான் பேசாமல் இருந்திருந்தால் கடைசி வரை தெரிந்திருக்காது. அப்போது ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தேன். குமிழ் எங்கே வருகிறது என்று பார்ப்பதுபோல் குனிந்தே இருந்தேன். நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை. குனிந்தபடியே சொன்னேன்.

"அது நான்தான் மக்கா."

அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினான்.

"மாமா, நான் குடிச்சேன்னு சொல்லிச் சொல்லித்தான் நாலு வருசமா நிக்கேன். ஒளிக்க ஆரம்பிச்சா எனக்குத் திரும்ப குப்பி தேடத் தோணும். நீங்க எனக்கு வேண்டி ஒளிக்கப்பிடாது."

எனக்கு அதற்குமேல் கடையில் இருக்க முடியவில்லை. "நான் அவருகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லட்டா?" என்று கேட்டேன். "சொல்லுங்க. ஒண்ணையும் விடாண்டாம்" என்றான். கையைக் கழுவி, சட்டையை மாற்றி, தக்கலை பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் என்னென்னவோ ஜோடித்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா, வேறு ஆளை நினைத்தேன் என்று சொல்லலாமா என்று. ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு கள்ளத்தோடு போகிறேனே என்று உறைத்தபோது, இறங்கும் இடம் வந்துவிட்டது.

அவர் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார்.

"என்ன வேய், வீட்டுக்கே வந்து காத்தடிக்கவா?"

"அன்னைக்கு உம்மகிட்ட கள்ளம் பறஞ்சிட்டேன். அதச் சொல்ல வந்தேன்."

"பழைய டியூப் விக்கும்போ ரெண்டு ஒட்டு இருக்குன்னு சொல்லுவீரா, மாட்டீரா?"

"சொல்லுவேன்."

"டியூபுக்குச் சொல்லுவீரு. எனக்க மகளுக்குச் சொல்ல மாட்டீரு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓடையில் கிடந்தது, ஆஸ்பத்திரி, ஆறாம் மாதம் சறுக்கியது, நாலு வருடம். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"திரும்பவும் குடிப்பானா?"

'மாட்டான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. பழக்கம்.

"தெரியாது. இண்ணு காலம்பற வரைக்கும் குடிக்கல்ல. அதான் எனக்குத் தெரியும்."

பெண் உள்ளே நின்று கேட்டிருக்கிறாள். டீயோடு வெளியே வந்தாள்.

"அப்பா, இவரு சொன்னது எல்லாம் அவரு சொன்னதுதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இவரு அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா மூணு நாளு உங்களுக்க வாடின முகத்தப் பாத்துட்டு நான் இருந்திருக்க வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இரும் வேய், டீயக் குடியும்" என்றார். அன்று என் கடையில் வேண்டாம் என்று போனவர் அவர். அந்த டீயைக் குடிக்கும்போது என் தோளிலிருந்து ஒரு லாரி டயரை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். பஸ் நம் ஜங்ஷனைத் தாண்டிப் போன பிறகுதான் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார்.

பிள்ளைகளே, நான் யோசித்துப் பார்த்தது இவ்வளவுதான். கள்ளம் சொன்னபோது நான் கெட்டது எதுவும் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் எதைத் தெரிந்துகொள்ளலாம், எது கூடாது என்று தீர்மானிக்க என்னை யாரும் ஏற்படுத்தவில்லை. கட்டிக்கொண்டு வாழப் போகிறவள் அவள். அதற்காக, பிறர் கதையை எல்லாம் ரோட்டில் கொட்டவும் கூடாது. அன்றைக்கு, "அவனிடமே கேளும், மறைக்க மாட்டான்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அதில் கள்ளமும் இல்லை, கோள் சொல்வதும் இல்லை. அந்த வார்த்தை எனக்கு அப்போது தோன்றவில்லை.

சம்பந்தம் உறுதியாகி, நம் சபை வழக்கப்படி மூன்று ஞாயிறு ஆலயத்தில் அவர்கள் கல்யாண அறிவிப்பை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தியபோது, தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தேன். மே மாதம் கல்யாணம். விருந்தில் நீங்கள் இரண்டு பேரும் மூன்று வகைப் பாயசமும் குடித்ததை நான் பார்த்தேன்.

போன வாரம் ஒருவர் புது ஸ்கூட்டரில் வந்து, "அண்ணாச்சி, காத்து கொஞ்சம்" என்றார். நான் கேஜை எடுக்கவே இல்லை.

"காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. எந்த வீட்டுப் பயல பத்தி கேக்கணும்னு சொல்லும். எனக்குத் தெரிஞ்சத சொல்லுகேன். மிச்சத்த அவன்கிட்டயே கேளும்."