ஐந்து சீட், எட்டுப் பேர், ஒரு ரிப்போர்ட்

சூடேறிய தூசி வாசம்... சர்வர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அந்தப் பழைய கம்ப்யூட்டரின் பக்கத்தில் போனாலே அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

கண்டி, பேராதனை வீதியில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். வீடு, கடைகளுக்குக் கட்டடப் படம் வரைந்து கொடுப்போம். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹோர்ன், மூடினால் வேர்வை. அங்கேதான் நான் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு.

படம் வரைகிற சொஃப்ட்வெயருக்கு எங்களிடம் ஐந்து லைசன்ஸ்தான், சீட் என்போம். வரைகிறவர்களோ எட்டுப் பேர். ஐந்து பேர் திறந்துவிட்டால் ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்று வந்துவிடும். யார் திறந்திருக்கிறார்கள், எத்தனை மணியிலிருந்து... எல்லாம் என் திரையில் ஒரு சின்னச் சாம்பல் நிற விண்டோவில் தெரியும். யாருடைய மெசினாவது இறுகிப்போனால் அவர் பெயரை நான்தான் அதிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஸ்டொப் பட்டனை அமுக்கினால் ஐந்து பேரும் வெளியே. சும்மா சொல்லக் கூடாது, அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

சீட் பிடிக்கிற கூத்தைப் பார்க்க வேண்டுமே...

குமார் அண்ணன் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் திறந்து வைத்துவிடுவார். பிறகு பிளேன்டீ, பேப்பர், கிரிக்கெட் ஸ்கோர். சாப்பிடப் போகும்போதும் மூட மாட்டார். முடிந்ததா என்று கேட்டால் இரண்டு நிமிடம் என்பார். அந்த இரண்டு நிமிடம் பின்னேரம் வரைக்கும் ஓடும்.

பரீதா மட்டும் வேறு மாதிரி.

திகனயிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். காலை முழுக்கக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாள். சுவர், கதவு, படிக்கட்டு, ஒவ்வோர் அளவும் அதிலேயே எழுதி முடித்துவிடுவாள். மற்றவர்களில் யாராவது மூடிவிட்டுச் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அந்த சீட்டில் நுழைந்து, ஐம்பது நிமிடத்தில் முழுப் படத்தையும் மெசினில் ஏற்றிவிடுவாள். உடனே மூடிவிடுவாள். ஏன் இப்படி அவதிப்படுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்தவங்களுக்கும் வேல இரிக்கி தானே அக்கா."

தினமும் சீட் சண்டை என் மேசைக்குத்தான் வரும். அலுத்துப்போய் ஒரு யோசனை செய்தேன். சர்வரில் பதிவாகியிருந்ததை எடுத்து, ஒரு மாதத்தில் யார் எத்தனை மணித்தியாலம் திறந்திருந்தார்கள் என்று பெயர் வாரியாக ரிப்போர்ட் தயாரித்தேன். ஐந்தும் நாள் முழுக்க நிரம்பி வழிகிறது, இன்னும் இரண்டு வாங்கித் தாருங்கள் என்று கேட்கத்தான். கலரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு முதலாளி சேரிடம் போனேன். எங்கள் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்துதான் பேசுவார். தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"உது சரியான கணக்கோ?"

"நிமிஷத்துக்குச் சரி சேர். மெசின் பொய் சொல்லாது."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா...

இரண்டு நாள் கழித்துக் காலையில் பரீதா தன் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கேல், அழிறப்பர், டிபன் பெட்டி எல்லாம் ஒரு சீலைக்கடைப் பையில். லீவா என்று கேட்டேன். ஒரு கடிதத்தை நீட்டினாள்.

மாதம் முழுவதும் பதினெட்டு மணித்தியாலம் மட்டுமே வேலை செய்திருப்பதால், இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம்...

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு! அது என் ரிப்போர்ட்டில் இருந்த எண். நான் கூட்டிப் போட்டது. கூட்டும்போது அந்தப் பெயருக்கு நேரே என் கண் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பட்டியலில் முதலிடம் குமார் அண்ணனுக்கு!

சேரிடம் ஓடினேன். அவள் தாளில்தான் வரைகிறாள், மற்றவர்களுக்காகத்தான் மூடுகிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீர்தானே சொன்னனீர், மெசின் பொய் சொல்லாதெண்டு."

நான் திரும்பி என் மேசைக்கு வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது.

அவள் போன பிறகுதான் புத்தி வந்து, அந்த மாதம் வெளியே போன படங்களை எடுத்து மூலையில் யார் பெயர் என்று பார்த்தேன். எட்டுப் பேரில் அதிகம் வரைந்தவள் அவள்தான். படங்களை அள்ளிக்கொண்டு எழுந்தேன். சேரிடமும் காட்டினேன். கடிதம் கொடுத்தாயிற்று என்றார்.

நான் கேட்ட இரண்டு லைசன்ஸும் அடுத்த மாதமே வந்தன. ஐந்து ஏழானது. எட்டுப் பேர் ஏழு பேரானார்கள். அதற்குப் பிறகு சீட் சண்டையே இல்லை.

இப்போது நான் வேறு ஆபீஸ். சர்வரும் இல்லை, அந்த விண்டோவும் இல்லை. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு லைசன்ஸ், யாரும் யாருக்கும் காத்திருப்பதில்லை. ஆனால் யூசேஜ் ரிப்போர்ட் மட்டும் இன்றும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் பெயர் பெயராக விரல் வைத்துப் பார்ப்பேன்.

போன கிழமை குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பரீதாவைக் கண்டேன். அவள்தான் முதலில் கூப்பிட்டாள். என் பிள்ளைகளை விசாரித்தாள். கட்டுகஸ்தோட்டையில் வேலையாம். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அந்த ரிப்போர்ட்டை எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் அக்கா."

இத்தனை வருடமும் தெரியுமாம்! ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேச்சை மாற்ற, அங்கே வேலை எப்படி என்று கேட்டேன். அங்கேயும் ஆறு பேருக்கு நாலு லைசன்ஸ்தானாம்.

"நான் காலையில வந்ததும் தொறந்து வெச்சிருவேன். ஆரு வந்து கேட்டாலும், வீட்டுக்குப் போற வரைக்கும் மூடுற இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்லது என்பதா, ஐயோ என்பதா... அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.