திரும்பிப் பார்க்காத ஓட்டம்

எங்கள் மச்சான் குணசேகரன் காலையில் ஓடுகிறார் என்றால், அன்னவாசலில் பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர், சிங்கப்பூரிலிருந்து வந்ததிலிருந்தே மண்டை கழன்றுவிட்டது என்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். டயரில் காற்று எங்கே போகிறது என்று ட்யூபைத் தண்ணீரில் முக்கினால் தெரிந்துவிடும். மனுஷனை எதில் முக்கிப் பார்ப்பது? அதனால் நடந்ததை நடந்தபடி ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். இனிமேல் இதைக் கேட்டுக்கொண்டு யாரும் கடைக்கு வர வேண்டாம்.

மச்சான் என்றால் என் அக்கா செவந்தியின் வீட்டுக்காரர். கல்யாணமான மறு வருஷமே சிங்கப்பூர் போனவர். அங்கே கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற வேலை. ஒரே மகள், இசைவாணி. பெயரைக் கேட்டால் பாட்டு பாடுவாள் என்று தோன்றும். ஒரு வரி சுருதியோடு பாட வராது கழுதைக்கு. ஆனால் ஓடுவாள். நெடுந்தூர ஓட்டம் என்றால் மாவட்டத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை நிற்க முடியாது. நான் தாய்மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை, புதுக்கோட்டை ஸ்டேடியத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மச்சான் லீவில் வந்தால் அப்பனும் மகளும் சித்தன்னவாசல் ரோட்டில் ஓடுவார்கள். நான் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் தண்ணீர் பாட்டிலோடு போவேன். இவர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓடுவார். அவள் வேண்டுமென்றே பின்தங்கி நின்று, பிறகு ஒரே பிடியாக வந்து, "அப்பா, சைடு குடுங்கப்பா" என்று கத்துவாள். இவர் பஸ் டிரைவர் மாதிரி வலது கையை நீட்டி, போ போ என்று ஆட்டிவிட்டு இடது பக்கம் ஒதுங்குவார். அவள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

கொரோனா வந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கொரோனா இல்லை, வேறு ஏதோ காய்ச்சல். என்னவென்று கண்டுபிடிப்பதற்குள் போய்விட்டாள். பதினாறு வயசு. அங்கே மச்சானை ஆயிரம் பேரோடு ஒரு டார்மிட்டரியில் அடைத்துப் பூட்டியிருந்தார்கள். ஏரோப்பிளேனும் கிடையாது. அப்பன் ஸ்தானத்தில் நான் நின்று முதல் மண்ணைப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில், மண் தள்ளி முடித்தால் விறுவிறுவென்று நடந்துவிட வேண்டும். எவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், போகிற உயிருக்குப் போக மனசு வராது, பார்த்தவர் பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். அன்றைக்கும் பெரியவர்கள், "நடங்கப்பா, யாரும் திரும்பாதீங்க" என்றார்கள். நடந்தோம். மச்சானின் பங்காளி உடையப்பன் வீடியோ காலில் எல்லாவற்றையும் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவனும் திரும்பாமல்தான் நடந்தான். ஆனால் அழுத அழுகையில் லைனைக் கட் பண்ண மறந்துவிட்டான். போன் பிடித்த கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது, கேமரா பின்பக்கம் பார்த்தபடி.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் போனிலிருந்து மச்சானின் குரல் கேட்டது. "எல்லாரும் போறீங்களே. அவ தனியா இருக்காளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் முறைப்படி நடந்து வந்துவிட்டோம். பெற்ற அப்பன் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த மண்மேடு சின்னதாகிச் சின்னதாகிக் கருவேல மரத்துக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். உடையப்பனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது?

மச்சான் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்பினார், ஒரேயடியாக. வந்த மறுநாளே விடிகிற நேரத்தில் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மகள் ஓடிய ரோட்டில் இந்த மனுஷனுக்கு எப்படிக் கால் எழுகிறது என்று நினைத்தேன். ஒருநாள் கடைக்கு வந்தவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒடம்புக்காகவா மச்சான் ஓடுறீங்க?"

"இல்ல மாப்ள. இது பூசை மாதிரி."

அவர் கம்பெனியில் ஆ செங் என்று ஒரு சீன லாரி டிரைவர், இவர் வயசுக்காரர்தான். மகள் போன பிறகு மச்சான் யாரோடும் பேசாமல் கிடந்தாராம். வெளியே விட ஆரம்பித்ததும் ஆ செங் ஞாயிற்றுக்கிழமைதோறும் இவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கால்வாய் ஓரமாக ஓடியிருக்கிறார்.

"அவங்க வழிபாட்டுக்குத் தாவோன்னு பேரு மாப்ள. எதோடயும் மல்லுக்கட்டக் கூடாது, அதான் அதுல முக்கியம். ஆ செங்குக்கு ஓடுறதுதான் சாமி கும்புடுறது."

"ஓடுறது பூசைன்னா, பஸ்ஸ விட்டுட்டுப் பின்னால ஓடுறவன் எல்லாம் சாமியாரா மச்சான்?"

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார். "வெளாட்டு இல்ல மாப்ள. வேகமாப் போகணும்னு நெனைக்காம, எப்ப முடியும்னு நெனைக்காம, வாய மூடி மூக்கால மூச்சு விட்டு ஓடிக்கிட்டே இருக்கணும். மட தொறந்தா கம்மாத் தண்ணி போகுதுல்ல, அது மாதிரி. ஒரு எடத்துல ஓடுறவன் காணாமப் போயிருவான். ஓட்டம் மட்டும் இருக்கும்."

"நீங்க காணாமப் போனீங்களா?"

"போனேன். அன்னிக்குத்தான் பின்னால கால் சத்தம் கேட்டுச்சு."

நாய் கீய் துரத்தியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஏன் மாப்ள, வாணியோட ஷூ ஒண்ணுல அடிப்பக்கம் பேந்திருந்துச்சா? ஒத்தக் கால் மட்டும் சப்பு சப்புன்னு அடிக்குது."

கையில் வைத்திருந்த, டயர் கழற்றுகிற லீவரைக் கீழே போட்டுவிட்டேன். அவள் வலது கால் ஷூவின் அடிப்பக்கம் பேந்துதான் போயிருந்தது. மச்சான் கடைசி லீவு முடிந்து போன பிறகு, அவள் என் கடைக்கு எடுத்து வந்தாள். பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனைப் போட்டு நான்தான் ஒட்டிக் கொடுத்தேன், அதுவும் நிற்காமல் மறுபடி பேந்துவிட்டது. அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம், அக்காவுக்குக்கூடத் தெரியாது, தெரிந்தால் புது ஷூ கேட்கிறாள் என்று சத்தம் போடுவாள் என்று இவள்தான் சொல்ல வேண்டாம் என்றாள். ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப அவதான். ஊருக்கும் கூடவே வந்துட்டா. நான் ஓடுனா ஓடுறா, நின்னா நின்னுக்கிறா" என்று, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுகிற அப்பன் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

வீட்டில் அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். அக்கா முதலில் அழுதாள். அப்புறம் அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரோடு ஓடிப் பார்த்தாள். கம்மாய்க்கரை வரைக்கும் ஓடி மூச்சு வாங்கி உட்கார்ந்தாளே தவிர, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு என் கடை வாசலில் வந்து நின்று, "பெத்தவ நான்டா சிவசாமி. காச்சல்ல ராப்பகலா மடியில போட்டு வச்சிருந்தவ நான். அவரு பின்னாலதான் வருவாளாமா?" என்று கேட்டாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

வருஷம் போகப் போக, அழுகை போய் அக்காவுக்குப் பயம் பிடித்தது. "எம்புள்ள போற எடத்துக்குப் போகாம ரோட்டுல அலையிறா" என்பாள். சோற்றில் கை வைத்தால் அதைச் சொல்வாள், மழை பெய்தால் நனைவாளே என்று அதைச் சொல்வாள். விராலிமலைப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் போய் உடுக்கை அடிக்கச் சொல்லிக் குறி கேட்டு வந்தாள். பார்த்த கண்தான் பார்த்து அனுப்ப வேண்டும் என்று கோடாங்கி சொல்லியிருக்கிறார். சுடுகாட்டுக்குப் பாதை பிரிகிற விலக்கில் மச்சான் ஒரே ஒரு தடவை திரும்பி நின்று, போ என்று சொல்லிவிட்டால் பிள்ளை போய்விடுவாளாம்.

மச்சான் மாட்டேன் என்றுவிட்டார். இத்தனை வருஷ ஓட்டத்தில் அவர் ஒருநாள்கூடக் கழுத்தைத் திருப்பியதில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டார். "திரும்புனா போயிருவா. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?" என்றார். அக்கா அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது, இரண்டு பேரையும் பார்க்கவும் பாவமாக இருந்தது.

கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். "டேய், நாளைக்கு வண்டியில அவரு பின்னாலயே போவோம். வெலக்கு வந்ததும் நீ மச்சான்னு சத்தமாக் கூப்புடு. திடுக்குனு கூப்புட்டா திரும்பிருவாரு. மத்தத நான் சொல்லி அனுப்பிக்கிறேன்." ஏமாற்று வேலைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஆவணி மாசம், லேசாக வெளுத்திருந்தது. மச்சான் முன்னால் ஓடினார். நாங்கள் கொஞ்சம் தள்ளி டிவிஎஸ்ஸில் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் ஓடியதைப் பார்த்தால் நான் முன்பு பார்த்த அரிசி மூட்டை ஓட்டம் இல்லை அது. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. விலக்கு நெருங்கியது. கருவேல மரம் தெரிந்தது. "கூப்புடுடா" என்று அக்கா முதுகில் குத்தினாள். வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பப் போவது அவர் ஒருத்தர் மட்டும்தானா என்று திடீரென்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் மச்சான் அதைச் செய்தார். திரும்பவில்லை. ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தார். ரோட்டின் இடது ஓரத்துக்கு ஒதுங்கினார். வலது கையை நீட்டி, போ போ என்று ஆட்டினார்.

என் கண் முன்னால் வெறும் ரோடுதான் இருந்தது. ஆனால் மச்சானின் தலை, பக்கத்தில் தாண்டிப் போகிற ஒருவரைப் பார்க்கிற மாதிரி மெதுவாக வலது பக்கமிருந்து முன்பக்கம் போயிற்று. பிறகு நிமிர்ந்து தூரத்தில் நின்றது. நான் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்பதற்குள் அக்கா குதித்துவிட்டாள்.

ஓடினாள். என் அக்கா, மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவள், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மச்சானைத் தாண்டி ஓடினாள். "நில்லுடி, எந்தாயி, போகாதடி" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அனுப்பி வைக்க வேண்டும் என்று கோடாங்கி வரைக்கும் போய் வந்தவள் அவள்தான். சித்தன்னவாசல் மலை தெரிகிற நேர் ரோட்டில் போய் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் ஓடிப் போய் அவளைத் தூக்கி நிறுத்தினார். நான் போனபோது அக்கா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சுங்க. எனக்கும் கேட்டுச்சு. ஒத்தக் கால் மட்டும் சப்பு சப்புன்னு. ஏங்க அது?" என்றாள். மச்சான் ஒற்றைக் கால் சத்தத்தைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். நானும் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது மூன்று பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நான்தான் கேட்டேன், ஏன் இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கு என்று.

"ஆ செங் மல்லுக்கட்டாதன்னுதான் சொன்னாரு. நான் மல்லுக்கட்டலைன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்ணு எப்பவாச்சும் என் வேகத்துல ஓடிருக்காளா மாப்ள? இத்தன வருஷமா சைடு கேட்டு சைடு கேட்டுப் பின்னாலயே வந்திருக்கா. நான், கூடவே வாராளேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அக்கா அதைக் கேட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

மச்சான் இப்போதும் ஓடுகிறார். பின்னால் ஒன்றும் கேட்பதில்லையாம். வீடு வந்ததும் அக்கா வாசலில் நின்று, "முன்னால கேட்டுச்சா?" என்று கேட்பாள். இல்லை என்பார். அவள் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மறுநாளும் கேட்பாள்.

எனக்கு அன்றைக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் அந்த விலக்குப் பக்கம் வண்டியில் போகும்போது நான் இடது ஓரமாகத்தான் போகிறேன். பின்னால் ஒரு வண்டி வராவிட்டாலும் வலது கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பஞ்சர் ஒட்ட மட்டும் வேறு கடைக்குப் போங்கள்.