துரையை அடைத்து வைத்த நாள்

என் வீட்டுக்காரர் எங்கள் பூனையைத் ‘துரை’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு எல்லாரையும் முறைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பட்டம். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டிவிட்டு அவர் திரும்பும் நேரத்துக்கு அது லயத்து வாசலில் நிற்கும். “தொரெ, சாப்டாச்சா?” என்று கேட்ட பிறகுதான் என் முகத்தையே பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் மாரடைப்பில் போனார். உடலைக் கூடத்தில் கிடத்தியதும் கொழுந்தனார், “அண்ணி, மொதல்ல பூனைய அடைங்க. பொணத்தத் தாண்டிறப் போவுது,” என்றார். தாண்டினால் ஆகாது என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. குளியலறையில் விட்டுத் தாழிட்டேன். தப்படிக்கும் சத்தத்துக்கு நடுவே அது கதவைப் பிறாண்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. திறந்துவிட்டபோது அவரை எடுத்துப்போய், கூடத்தையும் கழுவிவிட்டிருந்தார்கள். அது நேராக வந்து, அவரைக் கிடத்தியிருந்த ஈரத் தரையை முகர்ந்து பார்த்தது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கட்டிலில் அவர் படுக்கும் பக்கமாகப் பார்த்து மூத்திரம் பெய்தது. வயிற்று முடியை நக்கி நக்கித் தோல் தெரிந்தது. நெத்திலியை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சேட்ட கூடிப்போச்சு அண்ணி, கியா பார்ம் சந்தைப் பக்கம் கொண்டு விட்டுறலாம்லா,” என்றார் கொழுந்தனார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் வீட்டுக்காரர் கொஞ்சிய உயிர் அது. அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? கூடையில் போட்டு டவுனுக்குத் தூக்கிப்போனேன்.

மிருக டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நோய் ஒண்ணும் இல்ல ஆன்டி. ஸ்ட்ரெஸ்,” என்றாள்.

“அதுக்கு என்னம்மா ஸ்ட்ரெஸ்? புள்ளையா குட்டியா?”

“வீட்டுல ஏதாச்சும் மாறிருச்சா?”

சொன்னேன். அடைத்து வைத்ததையும் சொன்னேன். அவள் பூனையின் தலையைத் தடவினாள். “அப்ப அவரத்தான் தேடுது ஆன்டி. அவரு வாசன உள்ள துணி இருந்தா பக்கத்துல போட்டு வைங்க.”

ஸ்ட்ரெஸ் என்றதும் புரியாதது அப்போது புரிந்தது. ஏக்கம். தாயைப் பிரிந்த பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தால் ஏங்கிப்போச்சு என்போமே, அதுதான். என்னையும் லயத்து முனையோடுதான் நிறுத்தினார்கள், பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று. அவர் எரிந்ததை நானும் பார்க்கவில்லை.

துணிகளையெல்லாம் கருமாதி முடிந்ததும் துவைத்துக் கொடுத்தாயிற்று. அவருடைய லோரியை இப்போது ஓட்டும் தம்பியிடம் போய்க் கேட்டேன். “சீட்டுக்குப் பின்னால ஒண்ணு கெடக்குதுக்கா,” என்று அவருடைய குளிர்சட்டையை எடுத்துக் கொடுத்தான். டீசல், வியர்வை, பச்சைக் கொழுந்து. அவரேதான்.

தரையில் விரித்தேன். பூனை சட்டைக் கைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு கத்தியது. பிறகு அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. மறுநாள் இரண்டு நெத்திலி தின்றது.

எனக்கும் அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழ வேண்டும்போல இருந்தது. கண்ணீர் பட்டு வாசனை போய்விடுமோ என்று பயந்து, பூனைக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன்.

“தொரெ, சாப்டாச்சா?” என்றேன்.

அது துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடியது. நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.